லாபம் கணக்குல சேருமா?

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு பெரிய நெல்லுக்குதிரு இருந்துச்சாம். அதுக்குச் சொந்தக்காரன் தங்கையன். ஆடி வந்தா ஊரே அவங்கிட்டத்தான் விதைநெல்லு கடன் வாங்கும். பத்து மரக்கா வாங்குனா, அறுப்பு முடிஞ்சதும் பன்னெண்டாத் திருப்பணும், அதான் பேச்சு.

நெல்லு அளக்கறப்ப மொத மரக்கால ஒன்னுன்னு சொல்ல மாட்டாங்க, லாபம்னுதான் சொல்லுவாங்க, தெரியுமில்ல? தங்கையன் குடுக்கறப்ப லாபம், ரெண்டு, மூணுன்னு அளப்பான். வாங்கறப்ப மட்டும் லாபம், ஒன்னு, ரெண்டுன்னு அளப்பான். பாத்தியா களவாணித்தனத்த? பன்னெண்டுன்னு முடிக்கறப்ப பதிமூணு மரக்கா அவன் குதிருக்குள்ள போயிருக்கும்.

அந்த ஊர்ல பூவாயின்னு ஒருத்தி, புருசன் இல்லாதவ, மூணு புள்ளைங்க. அந்த ஒரு மரக்கா நெல்லு அவ வீட்டுக்கு ஒரு வாரக் கஞ்சி. மொத வருசம் பாத்தா, பேசாம வந்துட்டா. ரெண்டாம் வருசம் மெதுவாக் கேட்டா, அடுத்த ஆடிக்கு விதை வேணுமா வேணாமான்னு அவன் மெரட்டுனான், வாய மூடிக்கிட்டு வந்துட்டா. மூணாம் வருசம் கடனத் திருப்பறப்ப அவன் லாபம்னு மொத மரக்கால எடுத்தான் பாரு, பூவாயி அத வெடுக்குனு புடுங்கித் தலையில வச்சுக்கிட்டு நேரா ராசா சபைக்கு நடந்தா. விதை இல்லாட்டிப் போவுது, கூலிக்குப் போயிக் கஞ்சி ஊத்திக்கறேன், இனிமே இவனுக்குப் பயப்பட மாட்டேன்னு சொல்லிக்கிட்டே நடந்தா. தங்கையன் பின்னாலயே ஓடுனான், ஊரும் அவன் பின்னால போச்சு.

ராசா விசாரிச்சாரு. தங்கையன் கும்புட்டுக்கிட்டே, "லாபங்கறது நல்ல வார்த்தைங்க, அது கணக்குல சேராதுங்க"ன்னான்.

பூவாயி தலையக்கூட குனியல. "சேராதுன்னா குடுக்கறப்பவும் சேரக் கூடாதுங்க ராசா. அப்ப இவரு எனக்குக் குடுத்தது ஒம்பது மரக்காதான். பத்துன்னு சொல்லி மூணு வருசமா ஏமாத்திருக்காரு."

ராசாவுக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்பறம் கோவம் வந்துச்சு. இனிமே குடுக்கறதுக்கும் வாங்கறதுக்கும் ஒரே எண்ணிக்கைதான்னு சட்டம் போட்டாரு. கூடுதலா வாங்குனத வீடு வீடாத் திருப்பணும், அதுவும் அவன் வாங்குன மாதிரியே எண்ணித் திருப்பணும்னு உத்தரவும் போட்டாரு.

மறுநாள் பூவாயிக்கு மொத ரெண்டு வருசத்துக்குச் சேர வேண்டிய ரெண்டு மரக்காலோட தங்கையன் அவ வாசலுக்கு வந்தான். லாபம்னு ஒன்னக் கொட்டுனான். ரெண்டுன்னு அடுத்தத எடுத்தான்.

"ஒன்னு"ன்னா பூவாயி.

அவ மொகத்தப் பாத்தான், சுத்தி நின்ன சனத்தப் பாத்தான், ஒன்னுன்னு சொல்லிக் கொட்டுனான். தெருவுல நின்ன நெல்லு வண்டியிலருந்து இன்னொன்னு எடுத்தாந்து ரெண்டுன்னும் கொட்டுனான். இப்படியே அறுபது வீடு. குதிருக்கு அடி தெரிஞ்சிருச்சு. அடுத்த ஆடிக்கு ஒருத்தரும் அவன் வாசலுக்குப் போகல, அவங்கவங்க வீட்லயே விதை இருந்துச்சு.

மரக்கா கவுந்துச்சு, கதையும் தீந்துச்சு. கடன் வாங்குனா கைதான் நீட்டணும், வாய அடகு வைக்கக் கூடாது, தெரிஞ்சுக்கோ.