ஈசன் இறங்கிய பூக்கொட்டகை

“அய்யா, பூக்கொட்டகைக்குக் கருங்கல்லுல அடித்தளம் வேணும்.”

தொண்டு செய்யும் இடத்தில் எந்நாளும் எதையும் கேட்டுவிடாதே என்று தாய் சொல்லிவைத்திருந்தும், புன்னைக்குறிச்சிச் சிவன் கோயில் வாசலில் நின்று கேட்டேவிட்டார் திருவாயி அம்மையார். நந்தவனத்துக்கு நீர் இறைப்பதும், களை பறிப்பதும், விடியுமுன் பூக்கொய்து அங்கேயே கொட்டகையில் மாலை கட்டுவதும் அவர் தொண்டு. மழைக்காலத்தில் ஈரமண்ணில் நட்ட மூங்கில்கள் சாயும், கொட்டகை படுத்துவிடும், கூடைப் பூவெல்லாம் சேறாகும். அன்று ஈசனுக்கு மாலை இல்லை. அந்த நினைப்பே அம்மையாரை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

கோயில் நிர்வாகம் பார்க்கும் மணியம் தாண்டவராயர் வெற்றிலையைக் குதப்பினார். “இங்க கல்லு மேல நிக்கிறது சாமி மட்டுந்தான். இன்னைக்குக் கல்லு கேப்ப, நாளைக்குக் கோபுரம் கேப்பியா?”

“எனக்குக் கேக்கலைங்க. பூவுக்குக் கேக்குறேன்.”

“ஓகோ! பூ வந்து சொல்லுச்சாக்கும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் முதல் ஆற்றுக்குக் குடத்தோடு போன அம்மையார், திரும்பும்போது தலையில் ஒரு கல்லும் சுமந்து வந்தார். பள்ளம் தோண்டிக் கல் அடுக்கினார். இடுக்குகளில் சரளை கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்தார். இடிக்கு ஒரு ‘சிவசிவா’. கை கொப்பளித்தது, வாய் ஓயவில்லை. மேடை எழுந்தது. அதன்மேல் கொட்டகையும் நின்றது.

மணியம் கண்டு கொதித்தார். “திருவிழா முடியட்டும். பேத்து எறியுறேன்.”

திருவிழாவில் சுவாமி புறப்பட்ட மாலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நந்தவனத்தருகே வரும்போது சுமந்தவர்களின் கால்கள் புதைந்தன, பல்லக்குச் சாய்ந்தது.

“இறக்குங்கடா!” என்று அலறினார் மணியம்.

“எங்கங்க இறக்குறது? எல்லாம் சேறு!”

நந்தவனத்தில் ஒன்றே ஒன்று அசையாமல் நின்றது. ஈசன் அங்கே எழுந்தருளினார்.

சுவாமி இறங்கிய மேடையை இடிப்பது அவ்வூரில் பெரும்பாவம். அது அந்த நொடியே மண்டபம். மழை விட்டதும் மணியமே முதலில் விழுந்து கும்பிட்டார். எழுந்தவர் சொன்னார்: “திருவாயி, இனிமே நீ இதுல ஏறக்கூடாது. கூடையை எடு.”

அம்மையார் ஈசனை ஏறிட்டுப் பார்த்தார். “நல்லாத்தான் இடம் பிடிச்ச போ,” என்றார். கண் கலங்கியது, கோபம் தணியவில்லை. கூடையை இடுப்பிலும் திமிசுக்கட்டையைத் தோளிலும் ஏற்றினார்.

“எங்க போற?” என்றார் மணியம்.

“கல்லெடுக்க. சாமிக்கு இடம் கிடைச்சிருச்சு, பூவுக்கு இன்னும் கிடைக்கலையே.”

திரும்பிப் பாராமல் ஆற்றை நோக்கி நடந்தார், இறைவனுக்கே இடம் கொடுத்த அம்மையார்.