ஆட்சியை நிமிர்த்தப் போனவர்கள்

வடக்கெல்லையில் ஒருத்தர் தும்மினால் தெற்கெல்லையில் "நூறு வயசு" என்பார்கள். ஆழிமுனை அவ்வளவு சின்ன மாநிலம். கடலோரத்தில் அது தனி மாநிலமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அறிவிப்பு வந்த அன்று நண்டுக்கரை பஞ்சாயத்துத் தலைவர் தஸ்நேவிஸ் தேம்பித் தேம்பி அழுதார். சொந்த மாநிலத்துக்கு உயிரையும் கொடுப்பேன் என்றார். யாரும் கேட்கவில்லை.

முதலில் அரசிடமிருந்து வந்தது ஒரு கடிதம். 'இனி அலுவலகப் பணிகள் யாவும் தாய்மொழியிலேயே நடைபெற வேண்டும். தவறினால் பஞ்சாயத்து கலைக்கப்படும்.'

தஸ்நேவிஸ் உறுப்பினர்களைக் கூட்டினார்.

"தாய் மொழியணுமாம். நாம மொழியக் கூடாது."

"அப்ப அவங்கவங்க அம்மாவைக் கூட்டிட்டு வரணும்" என்றார் குருசு. ஊரிலேயே யோசிக்கக்கூடியவர் அவர்தான்.

மறுநாள் முதல் அலுவலகத்தில் உறுப்பினர்கள் வாயைத் திறக்கவில்லை. தாய்மார்கள் பேசினார்கள். குருசுவின் அம்மா மிக்கேலம்மா, "ஏல, காலைல கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டது தீர்மானம் எண் ஒன்றாகப் பதிவாயிற்று. சவரியப்பனுக்குத் தாய் இல்லை. மாமியாரைக் கூட்டி வந்தார். மாமியார்மொழி செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்படி நல்லபடியாக நிர்வாகம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது: 'ஆழிமுனையில் ஆட்சி கவிழ்ந்தது.'

தஸ்நேவிஸ் கையிலிருந்த வலையைக் கீழே போட்டார். கடலில் பிழைக்கிறவருக்குக் கவிழ்வது என்றால் என்னவென்று தெரியாதா? நல்லவேளை, அப்போது எல்லோரும் கரையில் நின்றார்கள். கரை அலுவலகமில்லை, பேசலாம்.

"உள்ள எத்தனை பேருவே?"

"இருபத்தொரு எம்.எல்.ஏ." என்றார் சவரியப்பன். "அதுல அஞ்சு பேரு திடீர்னு அந்தப் பக்கம் தாவிட்டாங்களாம்."

"பின்ன கவுறாம என்ன செய்யும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தஸ்நேவிஸ். "ஒரே பக்கமாத் தாவினா எந்த வள்ளம் தாங்கும்?"

கிடைத்த கயிற்றையெல்லாம் வள்ளத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏழு பேர் தலைநகருக்கு விரைந்தார்கள். வழியெல்லாம் தஸ்நேவிஸ் செபம் சொன்னார்.

போய்ப் பார்த்தால் சட்டசபைக் கட்டடம் நேராக நின்றது.

"சும்மா சொல்லிருக்கான்" என்றார் சவரியப்பன்.

குருசு வெகுநேரம் யோசித்தார். "மாநிலமே கவுந்திருந்தா, அதுல நிக்குற நாமளும் சேர்ந்துதான கவுந்திருப்போம்? தலைகீழா நிக்கவனுக்குத் தலைகீழா இருக்கது நேராத்தான்வே தெரியும்."

எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. வாசலிலேயே கைகளை ஊன்றி, ஏழு பேரும் தலைகீழாக நின்றார்கள். கோபுரம் கீழே தொங்கியது. படிக்கட்டு மேலே இருந்தது.

"ஐயோ என் மாநிலமே!" என்று தஸ்நேவிஸ் கதறினார். கண்ணீர் நெற்றி வழியாக ஓடியது.

முன்தூணில் கயிற்றைக் கட்டி, "ஏலேலோ ஐலசா" என்று இழுத்தார்கள். வாசல் காவலர் அன்று காலையிலிருந்து நாலு போராட்டம் பார்த்துவிட்டார். இது ஐந்தாவது என்று விட்டுவிட்டார். மூச்சு வாங்க இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். கட்டடம் நேராக நின்றது.

"நிமித்திட்டோம்!" என்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் புது ஆட்சிக்காரர்கள் பதின்மூன்று பேர் போட்டோவுக்காக வெளியே வந்து, படிக்கட்டின் வலது ஓரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள்.

தஸ்நேவிஸ் அவர்களை நோக்கி ஓடினார். "ஐயா, எல்லாரும் ஒரே பக்கம் நிக்காதிய! கொஞ்சம் பேரு அந்தப் பக்கம் போங்க!"

ஐந்து பேர் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

தஸ்நேவிஸ் நிம்மதியாக நெற்றியைத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் காவலரின் ரேடியோ கரகரத்தது: 'ஆழிமுனையில் ஆட்சி மீண்டும் கவிழ்ந்தது.'

குருசு வேட்டியை மடித்துக் கட்டினார். தஸ்நேவிஸ் பெருமூச்சு விட்டு, கைகளைத் தரையில் ஊன்றினார்.

"வாங்கவே, எந்த அளவுக்குக் கவுந்திருக்குன்னு பாப்போம்."