ஐந்து கம்பிக் கிட்டார்

கோதண்டத்தைத் தேடி எட்வின் சாலமன் ஏற்காட்டு மலைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கோதண்டத்துக்கும் அதே வயதுதான்.

கார் கடைசி வளைவுக்கு மேல் ஏறவில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அவருக்கு மூன்று வீடுகளும் அறுபத்திரண்டு கிட்டார்களும் இருந்தன. ராக் இசை வாசித்து நம் ஊர்ப் பக்கம் யாரும் இவ்வளவு சம்பாதித்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. கோதண்டம் அங்கே பதினெட்டு வருடங்களாக இருந்தார். சிலர் அவரிடம் வந்து தங்கினார்கள். ஐயா என்று அழைத்தார்கள். ஒரு காலத்தில் அவர் எட்வினுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்தவர் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

"டேய் கோதண்டம்" என்றார் எட்வின்.

வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சிஷ்யை பவானி கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாடா" என்றார் கோதண்டம். "தலைக்கு மை போட்டிருக்க."

"மேடைக்காக."

"இங்க மேடை இல்லையே."

எட்வின் சிரிக்கவில்லை. "என்னை உன் சீடனா வெச்சுக்கோ" என்றார்.

"இங்க சீடன்னா பாத்திரம் கழுவணும். உன் விரலுக்கு இன்சூரன்ஸ் இருக்காமே?"

"இருக்கு."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு."

எட்வின் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

மூன்று நாட்கள் கழுவினார். இடது கையிலிருந்து டம்ளர்கள் நழுவிக்கொண்டே இருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் அவரைக் கேட்காமல் உள்ளே மடங்கின.

"எவர்சில்வர்னால தப்பிச்சுது சார்" என்றாள் பவானி. "எஸ்டேட் டிரைவர் உங்ககூட போட்டோ எடுக்கணும்னு காலையிலேர்ந்து நிக்கிறான். அவன் போன்ல உங்க பாட்டுதான் மணி அடிக்குது."

"எந்தப் பாட்டு?"

"கம்பி அறுந்துபோற பாட்டு."

எட்வின் அடுத்த தட்டை எடுத்தார்.

நான்காம் நாள் மதியம் கோதண்டம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடங்கிய விரல்களைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. இனிமே சரியாகாதுன்னுட்டாங்க. இன்னும் ஆறு மாசம் இப்படி ஓடும். அப்புறம் இந்த ரெண்டு விரலும் கிடையாது."

"அதுக்கா வந்த?"

"இல்ல. ஒண்ணு கேக்கணும். உன்னால மட்டும்தான் சொல்ல முடியும்."

அவர் கேட்க வந்தது முப்பத்தைந்து வருடங்களுக்கு முந்தைய ஒரு மாலையைப் பற்றி. ஒரு கல்லூரியின் திறந்தவெளி மேடை. பாட்டின் நடுவே எட்வின் தனியாக வாசித்துச் சுரம் சுரமாக மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, உச்ச சுரங்களுக்கான முதல் கம்பி அறுந்தது. மாற்றுக் கம்பி வாங்க அன்று அவரிடம் காசு இல்லை. கை நின்றது. நான்கு தட்டுகள் டிரம்ஸ் மட்டும் ஒலித்தது. பிறகு மிச்சமிருந்த ஐந்து கம்பிகளில் வேறு வழியாக இறங்கி வந்து பாட்டை முடித்தார். யாரோ அதை டேப்பில் பிடித்திருந்தார்கள். டேப் ஊர் ஊராகப் போனது.

மறுநாள் காலையில் கோதண்டம் ஒரு புதுக் கம்பி வாங்கிவந்து கொடுத்தார்.

அடுத்த மாதம் வேறொரு கல்லூரி. கூட்டம் பாட்டின் அந்த இடத்துக்காகவே காத்திருந்தது. எட்வின் முதல் கம்பியைக் கழற்றிவிட்டு மேடையேறினார். அன்று பாட்டு முடிந்ததும் கோதண்டம் குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு எல்லா மேடைகளிலும் அப்படித்தான். கம்பியைக் கழற்றுவதற்கென்று ஓர் ஆள் சம்பளத்துக்கு இருந்தான். அறுபடும் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரும். நான்கு தட்டுகளையும் கூட்டம் சேர்ந்து எண்ணும். மூன்று வீடுகளும் அதில் வந்தவை.

"கம்பி அறுந்திருக்கலைன்னா நான் எங்க போயிருப்பேன்?" என்றார் எட்வின். "ஏறிக்கிட்டிருந்தேன். எங்கயோ போய்ச் சேரணும்னு கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எத்தனையோ தடவை உக்காந்து பாத்துட்டேன். ஞாபகம் வரல. என் பின்னாடி இருந்தவன் நீ."

"தெரிஞ்சா?"

"அடுத்த மாசம் கடைசிக் கச்சேரி. ஒரே ஒரு தடவை முழுசா வாசிக்கணும். விரல் போறதுக்குள்ள." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு வீட்டையும் உன் பேருக்கு எழுதித் தரேன்டா."

"அங்க பாத்திரம் யாரு கழுவுறது?"

எட்வின் கழுவிய டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் வாங்கிக் குடுத்த கம்பி இருக்கா?" என்று கேட்டார் கோதண்டம்.

"இருக்கு. பிரிக்கக்கூட இல்ல. ஏதோ ஒரு கிட்டார்ப் பெட்டியிலதான் கிடக்கு." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "எந்தப் பெட்டின்னு தெரியல."

கோதண்டம் எழுந்தார்.

"பவானி, அந்த வாளியைக் குடும்மா."

வாளியைக் கவிழ்த்து முன்னால் வைத்துக்கொண்டார். காய்ந்த காப்பிக் கிளையில் இரண்டு குச்சிகள் ஒடித்தார். எட்வின் கிட்டாரை வெளியே எடுத்தார். சாதாரண மரக் கிட்டார். ஆறு கம்பிகளும் இருந்தன.

கோதண்டம் தட்டத் தொடங்கினார். பிளாஸ்டிக் வாளியில் அது வறட்டுச் சத்தமாக இருந்தது. ஆனால் அதே வேகம். எட்வின் வாசித்தார். பாட்டு ஏறியது. அந்த இடம் வந்தது. கை தானாக நின்றது. நான்கு தட்டுகள் போயின. பிறகு கை முதல் கம்பியைத் தொடாமல் பழைய வழியில் கீழே இறங்கியது.

"கம்பி இருக்கேடா."

"தெரியுது."

"மறுபடியும்."

மறுபடியும் கை நின்றது. மறுபடியும் அதே வழியில் இறங்கியது. வெயில் முற்றத்தைக் கடந்து வேலிக்குப் போனது. பவானி உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து நின்றாள். எட்வினின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எத்தனையாவது முறை என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஒரு முறை அவருடைய மோதிர விரல் நீண்டு முதல் கம்பியை அழுத்தியது. ஒரே ஒரு சுரம் மேலே எழுந்தது. மெல்லியது, சுத்தமானது. கோதண்டம் தலையை நிமிர்த்தினார்.

விரல் மடங்கிக்கொண்டது. சுரம் அடங்கியது. எட்வின் வலது கையால் அந்த விரலைப் பிரிக்கப் பார்த்தார். அது பிரியவில்லை. நான்கு தட்டுகளும் முடிந்துவிட்டன.

கோதண்டம் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு இந்த நாலு தட்டுல என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"பயந்துக்கிட்டிருந்தேன்."

"இப்ப?"

எட்வின் கிட்டாரைத் தரையில் வைத்தார்.

"எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார்.

உள்ளே சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது. பவானி போகவில்லை.

"சொல்லுடா" என்றார் எட்வின். "நான் எங்க போயிட்டிருந்தேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அதை நீ வாசிச்சுக் கேக்கத்தான் தட்டிக்கிட்டே காத்திருந்தேன்."

"எவ்வளவு நாள் காத்திருந்த?"

கோதண்டம் வாளியை நிமிர்த்தித் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் வைத்தார்.

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்."