கோழிக்கு முக்கால் பெட்டி

பூளைப்பட்டிக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். பொறாமையில் சொல்வது அது. மூளை எல்லாருக்கும் இருந்தது. தேய்ந்துவிடுமே என்று யாரும் வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரிலேயே மூளையை ரொம்பப் பத்திரமாக வைத்திருந்தது நாச்சிமுத்து குடும்பம். நாச்சிமுத்து மூத்தவன். அவனுக்கு அடுத்து செங்கோடன், கடைசி மாரப்பன். ஊரில் யார் எதைக் கட்டினாலும் முதலில் இந்த அண்ணன் தம்பிகளைத்தான் யோசனை கேட்பார்கள். கேட்டுவிட்டு வேறு மாதிரி கட்டிக்கொள்வார்கள்.

நாச்சிமுத்துவின் பெண்டாட்டி பாவாத்தாள் தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழிகள் முருங்கை மரத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. மரநாய் ஒன்று வந்து, ஒரே வாரத்தில் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் ஏழு.

"ஏனுங்க, அக்கா மக வளைகாப்புக்குப் போறேன். வெள்ளிக்கிழமை வருவேன். அதுக்குள்ள கூண்டு கட்டியிருக்கோணும். இல்லீன்னா கோழியையும் என்னையும் எங்கம்மா ஊட்டுலதான் வந்து பார்க்கோணும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

நாச்சிமுத்துவுக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. அவள் இல்லாவிட்டால் அடுப்பு செங்கோடன் கைக்குப் போகும். அவன் வைக்கும் ரசத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். குடித்தாலும் அதேதான் நடக்கும்.

ஆகவே, மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரம்மாவின் வண்டியை வழிமறித்துக் கேட்டான். அந்தம்மா அவசரத்தில் இருந்தார். இருந்தாலும் பொறுமையாகச் சொன்னார்.

"ராத்திரி உட்கார ஒரு கோல் கட்டுங்க. கோழிக்கு ஒரு சாண் இடம் வேணும். முட்டையிட நாலு கோழிக்கு ஒரு பெட்டி போதும். நாம கோழியா இருந்தா எப்படிக் கட்டுவோம்னு யோசிச்சுக் கட்டுங்க. தப்பே வராது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். வண்டி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் கோலை அளக்க உட்கார்ந்தார்கள். மாரப்பன் கையை விரித்தான். செங்கோடன் அதைத் தட்டிவிட்டான்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? கோழிக்கு ஒரு சாண்னுதானே? உன் சாண் எதுக்கு இங்க?"

"ஆமாண்டா, உட்காரப்போறது நீயா?" என்றான் நாச்சிமுத்து.

ஒரு கோழியைப் பிடித்து மல்லாக்கப் படுக்கவைத்து, அதன் கால் விரலை நீட்டி அளந்தார்கள். நாலு விரற்கடை வந்தது. ஏழு கோழிக்குக் கணக்குப் போட்டு, ஒரு முழத்துக்குச் சற்று மேலே ஒரு கோலை வெட்டிக் கட்டினார்கள்.

கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். மூன்றாவது உட்கார்ந்ததும் கோல் நிரம்பிவிட்டது. நாலாவதை இந்தப் பக்கம் நெருக்கி வைத்தால் முதலாவது அந்தப் பக்கம் விழுந்தது. விழுந்ததை எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் நாலாவது இந்தப் பக்கம் விழுந்தது. மத்தியானம்வரை இதைச் செய்துபார்த்தார்கள். கோழிகளுக்கு மூச்சு வாங்கியது.

செங்கோடன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான். "அளவு சரியாத்தான் இருக்குது. கோழிங்கதான் அளவுக்கு மீறி வளர்ந்திருக்குது."

"அண்ணி தீனியை அள்ளி அள்ளிப் போட்டதுல வந்த வினை" என்றான் மாரப்பன்.

நாச்சிமுத்துவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கோழியை வெட்டிக் குறைக்க முடியாதே. பெண்டாட்டி வேறு எண்ணிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் பெருந்தன்மையாக நீளமான கோல் ஒன்றைக் கட்டினான். கோழிகள் செய்த தப்புக்குத் தான் ஒரு மரக்கிளையை இழக்கவேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகவும் இருந்தது.

அடுத்து பெட்டி. நாலு கோழிக்கு ஒரு பெட்டி அடித்தாயிற்று. மீதி மூன்று கோழிகள் எதிரில் நின்று இவர்களைப் பார்த்தன. இவர்களும் அவற்றைப் பார்த்தார்கள்.

"மூணுக்கு ஒரு பெட்டி குடுத்தா அந்த நாலும் சும்மா இருக்குமா? அதுங்களுக்கு மட்டும் தாராளமா, எங்களுக்கு நெருக்கடியான்னு கேக்காதா?" என்றான் செங்கோடன்.

"அப்போ எட்டாவது கோழி ஒண்ணு வேணும்" என்றான் மாரப்பன்.

"எட்டாவது கோழி எதுலருந்து வரும்?"

"முட்டையிலருந்து."

"முட்டை எங்க இருக்கும்?"

"பெட்டியில."

"பெட்டி?"

"எட்டாவது கோழி வந்தாத்தான்."

மூவரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் எட்டிப்பார்த்து, ஏதோ துக்கச்செய்தி வந்திருக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

கடைசியில் நாச்சிமுத்துவுக்குத்தான் அது உதித்தது. நாலு கோழிக்கு நாலு பக்கம் வைத்த முழுப்பெட்டி என்றால், மூன்று கோழிக்கு மூன்று பக்கம் வைத்த முக்கால் பெட்டி. சுலபம். அடிப்பலகை மேல் மூன்று பக்கம் மட்டும் பலகை அடித்து உயரத்தில் மாட்டினார்கள். அன்று மாலையே ஒரு கோழி அதில் முட்டையிட்டது. முட்டை உருண்டு வந்து, பலகை இல்லாத பக்கமாக விழுந்து உடைந்தது.

"பார்த்தியா, இது நாலாவது கோழியோட முட்டை. அதுக்குத்தான் இங்க இடமில்லையே" என்றான் செங்கோடன். மற்ற இருவரும் அவனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கூண்டுக்குக் காலும் கூரையும் ஆயிற்று; கம்பிவலை அடிப்பதுதான் பாக்கி. டாக்டரம்மா சொன்னது நாச்சிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. கோழியாக இருந்து யோசித்துப் பார்த்தான். கோழி கூண்டுக்கு உள்ளேதானே இருக்கும்? அப்படியென்றால் உள்ளே இருந்துதான் கட்டவேண்டும். மூவரும் ஆணி, சுத்தியல், ரம்பத்தோடு உள்ளே போய், நாலு பக்கமும் வலையை இழுத்துக் கச்சிதமாக அடித்து முடித்தார்கள். எலி நுழையக்கூட இடமில்லை.

சாயங்காலம் பாவாத்தாள் வந்து பார்த்தாள். கூண்டுக்குள் மூன்று ஆண்பிள்ளைகள் நின்றிருந்தார்கள். வெளியே ஏழு கோழிகள் நின்றிருந்தன.

"கூண்டு நல்லா இருக்குதா புள்ள?" என்று நாச்சிமுத்து வலைக்குள்ளிருந்து கேட்டான்.

"கதவு எங்கீங்க?"

அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த ஆளுக்கு அந்த யோசனை எப்படி வரும்?

"எந்தக் கதவு அண்ணி? உள்ள வர்றதா, வெளிய போறதா?" என்று செங்கோடன் கேட்டான்.

பாவாத்தாள் ஒருமுறை வானத்தைப் பார்த்தாள். "முதல்ல கோழிங்க உள்ள வர்றதுக்கு வழி பண்ணுங்க. இருட்டப்போகுது."

வலையில் உள்ளே வருகிற கதவை அறுத்தார்கள். கோழிகள் வரிசையாக வந்து கோலில் ஏறி உட்கார்ந்தன. பாவாத்தாளுக்கே முகம் கொஞ்சம் மலர்ந்துவிட்டது.

"சரி, வெளிய வாங்க. சாப்பிடலாம்."

யாரும் அசையவில்லை.

"இது உள்ள வர்ற கதவு புள்ள. வெளிய போற கதவுக்குக் கீல் வாங்கோணும்" என்றான் நாச்சிமுத்து.

"போய் வாங்கிட்டு வாங்களேன்."

"எப்படிப் போறது?"

பாவாத்தாள் வீட்டுக்குள் போய், ஒரு தட்டு நிறையச் சோறும் குழம்பும் கொண்டுவந்து அந்தக் கதவு வழியாக நீட்டினாள். உள்ளே வருகிற பொருள்தானே, வாங்கிக்கொண்டார்கள். வளைகாப்புக் கதையெல்லாம் விசாரித்தபடி மூவரும் திருப்தியாகச் சாப்பிட்டு முடித்தார்கள்.

"தட்டைக் குடுங்க, கழுவோணும்" என்று அவள் கையை நீட்டினாள்.

நாச்சிமுத்து தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கோழிகள் முழித்துக்கொள்ளாதபடி மெதுவாகச் சொன்னான்:

"அவசரப்படாத புள்ள. நாங்க வெளிய வர்றப்போ எடுத்துட்டு வர்றோம். நீ நாளைக்குக் காலையில வேற தட்டுல கொண்டா."