கருவி வைத்த காது

பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மாசிலாமணிக்குப் பாட்டு ஆசை வந்தது. அம்பாசமுத்திரத்து ஓதுவார் ஞானப்பிரகாசத்திடம் போய்த் தேவாரம் கற்கச் சேர்ந்தார். ஆசிரியர் மாணவரைவிட ஆறு வயது இளையவர். மாணவர் ஆசிரியரை ‘ஐயா’ என்பார். ஆசிரியர் மாணவரை ‘அண்ணாச்சி’ என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

வருகிற பிரதோஷத்தன்று மாசிலாமணி கோயிலில் முதல்முறையாகத் தனியே பாட வேண்டும். நேற்று முழுப் பதிகத்தையும் பாடிக் காட்டினார். ஐயா தலையாட்டினார். மாசிலாமணி அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

உடன் கற்கும் சுடலைமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை.

“அவரு காதுல மிஷின் மாட்டி ஒரு மாசமாச்சு வே. கேக்காத காதுக்காரரு தலையாட்டிட்டா நீரு பெரிய பாடகரோ?”

மாசிலாமணி இன்று பாதிச் சோற்றோடு எழுந்தார். நேரே ஆசிரியர் வீட்டுக்குப் போனார். போனவர் வாசலிலேயே நின்றார்.

“என்ன அண்ணாச்சி, காலியா இருக்க பஸ்ஸுல ஏறாம நிக்கிய?” என்றார் ஓதுவார்.

மாசிலாமணி உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“ஐயா, நான் பாடுறது உங்களுக்கு எப்படிக் கேக்கு?”

ஓதுவார் காதிலிருந்த கருவியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மாணவர் காதில் வைத்தார். அது கீச்சென்று கத்தியது. மாசிலாமணி துள்ளினார்.

“விசில் உங்களுக்குப் பழக்கந்தானே. அழுத்திப் பிடிங்க.”

சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓதுவார் மெல்லப் பாடினார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மாசிலாமணி பாட்டுக்கே வந்தார். இப்போது அது தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. சுருதி வண்டுபோல் இரைந்தது. அது எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை.

ஓதுவார் குரலை உயர்த்தினார். தகரம் கிழிந்தது. மாசிலாமணி பதறிப்போய்க் கருவியைப் பிடுங்கினார்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஐயாவுக்குக் காது மந்தம் என்று தெரிந்த நாள்முதல் அவர் அடிவயிற்றிலிருந்து, பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி பாடிவந்தார். ஐயாவுக்குச் செய்யும் உபகாரம் என்றே நினைத்திருந்தார்.

ஓதுவார் கருவியைத் திரும்ப மாட்டிக்கொள்ளும்வரை மாசிலாமணி காத்திருந்தார்.

“நான் கத்துனப்பல்லாம் இப்படித்தான் கேட்டுதா?”

“இதைவிடக் கொஞ்சம் கூட. உங்க தொண்டை பெருசுல்லா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா.”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். இந்த வயசுல தொண்டை நரம்பு புடைக்க எனக்காகப் பாடுதிய. வேற யாரு அப்படிப் பாடுவா? நன்றி சொல்லணும்னு தோணிச்சு, நிறுத்தச் சொல்லத் தோணலை.”

மாசிலாமணி தலை குனிந்துகொண்டார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். கேட்க வந்த கேள்வி இன்னும் பாக்கியிருந்தது.

“அப்ப நேத்து எதைக் கேட்டுத் தலையாட்டுனிய, ஐயா? எனக்குச் சங்கடமா இருக்கும்னு ஆட்டுனியளா? அப்படின்னா இப்பவே சொல்லிருங்க. பிரதோஷத்துக்கு நான் போகலை.”

ஓதுவார் சுருதிப் பெட்டியை நிறுத்தினார்.

“காதுக்கு வாரது தகரந்தான். மிச்சத்தை நான் உள்ளுக்குள்ள கூடவே பாடிக்கிடுவேன். எந்த இடத்துல என்னால கூடப் பாட முடியலையோ, அந்த இடத்துல உங்களை நிறுத்துவேன்.”

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.

“நேத்து நான் உங்களை எங்கயும் நிறுத்தலையே, அண்ணாச்சி.”