துப்பாக்கிக் கட்டைக்கு என்ன கலர்

"என்ன கலருங்க மேடம் அடிக்கறது? காபிக்கொட்டைக் கலரா, செங்கருப்பா?"

தெய்வசிகாமணி தன் புதுத் துப்பாக்கியை ஆக்னஸ் முன்னால் வைத்தார். அதன் மரக்கட்டை, தோளில் முட்டுக்கொடுத்துக் கன்னத்தைச் சாய்த்துக்கொள்கிற பகுதி, சாயமோ எண்ணெயோ காணாமல் வெறுமனே இருந்தது.

ஈரோட்டுக்கு வெளியே, ஒரு கரட்டுக் குன்றின் அடியில் இருந்த சுடுதளத்தில் ஆக்னஸ்தான் பயிற்சியாளர். தெய்வசிகாமணியின் மகளைவிடச் சின்னவள்.

"கன்னத்த வைங்க சார்."

வைத்தார். அவள் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள்.

"அளவெடுத்த மாதிரி இருக்கு. சுட ஆரம்பிங்க."

"கலருங்க?"

"ஏதாவது ஒண்ணு."

அந்தச் சொல்தான் அவருக்கு ஆகாது. அவர் புடவைக் கடைக்காரர். ஏதாவது ஒண்ணு காட்டுங்க என்று வந்து உட்காருகிறவர்கள்தான் கடை முழுவதையும் பிரித்துப் போடவைத்துவிட்டு, எதுவும் மனசுக்கு ஒட்டலை என்று எழுந்து போவார்கள்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் இரவல் துப்பாக்கியில் சுட்டு, கடைசி ஆளுக்கு முந்தின ஆளாக நின்றார். "மாமா பேசாம கடையப் பாத்துக்கலாம்" என்று மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் சிரித்தது இன்னும் காதில் இருந்தது.

இந்த முறை எல்லாம் பொருத்தமாக அமைய வேண்டும்.

காபிக்கொட்டைக் கலர் அடித்தார். காய்ந்ததும் பழைய பீரோக் கதவு மாதிரி இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சாயம் மரத்துக்குள் இறங்கியிருந்தது. தச்சரிடம் இழைப்பு மிஷினை வாங்கிவந்து, அது போகும்வரை இழைத்தார்.

"எண்ணெய் போட்டு விட்ரலாமுங்களா மேடம், வார்னிஷ் அடிச்சரலாமுங்களா?"

"கன்னத்த வைங்க."

வைத்தார்.

"இதுவரைக்கும் பரவால்ல. போதும் சார், சுடுங்க."

வாயைத் திறந்து ஒரு கலர் பேரைச் சொன்னால் முத்தா கொட்டிவிடும் என்று முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனார். செங்கருப்பு அடித்தார். மேலே வார்னிஷ் அடித்தார். ஊஞ்சல் பலகை போலப் பளபளத்தது. அன்று தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மிஷினை எடுத்தார்.

தேர்வுக்கு முந்தின நாள், மறுபடியும் வெறும் மரமாகிவிட்ட துப்பாக்கியோடு வந்து நின்றார்.

"முடிவா சொல்லிருங்க மேடம். தேன் கலரு எப்படிங்க?"

ஆக்னஸ் கண்ணை மூடித் திறந்தாள்.

"கன்னத்த வைங்க."

"எத்தன தடவைதாங்க வைக்கறது? கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க."

"வைங்க சார்."

படுத்து, கன்னத்தைச் சாய்த்தார். குறி பார்க்கும் துளைக்குள் பார்த்தார். தலையை நகர்த்தினார். மறுபடி பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலைங்களே."

தலையைத் தூக்கினால் இலக்கு தெரிந்தது. ஆனால் கன்னம் கட்டையைவிட்டு எழும்பிவிட்டது, துப்பாக்கி ஆடியது. சாய்த்தால் கண் துளைக்குக் கீழே போனது.

கட்டையைத் தடவிப் பார்த்தார். அளவெடுத்த மாதிரி இருந்த இடம் பள்ளமாகியிருந்தது. அவர் கைதான் இழைத்தது.

"நாளைக்கு என்னங்க பண்றது?" குரல் இறங்கிப்போயிருந்தது.

ஆக்னஸ் தன் காலில் கிடந்த ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். கத்தியால் குதிகால் பக்கத்தை அறுத்து, பாதி கனத்துக்குச் சீவினாள். அதைக் கட்டையின் மேல் வைத்து, பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பால் சுற்றினாள்.

தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது.

"செருப்புங்களா? என்ற மொகத்துக்கா?"

"வேற ரப்பர் இங்க இல்ல."

"நாளைக்கு மாப்பிள்ளை வருவாருங்க. ஊரே பாக்கும்."

"பாக்கட்டும். கன்னத்த வைங்க."

எழுந்து போய்விடலாம் என்று ஒரு காலை ஊன்றினார். அவளும் ஒற்றைச் செருப்போடுதான் நின்றாள். வெயிலில் கொதிக்கிற சிமெண்ட் தரையில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். ரப்பர் கன்னத்தில் பட்டது. உடம்பு கூசியது.

பிறகு துளைக்குள் பார்த்தார். வட்டத்துக்குள் வட்டம், அதன் நடுவில் கரும்புள்ளி, அசையாமல் நின்றது.

மூச்சை விட்டார். சுட்டார். தலையைத் தூக்காமல் அடுத்த குண்டைப் போட்டார். சுட்டார்.

பின்னாலிருந்து ஆக்னஸ் குரல் வந்தது.

"சார், அந்தச் செருப்பு என்ன கலருங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேச்சுக் குடுக்காதீங்க மேடம்," என்றார்.