மஞ்சப்பாசியும் கடல்நாயும்

கொல்லிமலையில, எப்பவும் மேகத்துக்குள்ளயே ஒரு மடம். சமையக்கட்டுக்குப் பின்னால உளுத்த பலாக்கட்டை ஒண்ணு கெடந்துச்சு. அதுல மஞ்சளா, கூழு கொட்டுனாப்புல ஒண்ணு படர்ந்துச்சு. மஞ்சப்பாசி. படிச்சவங்க சளிப்பூஞ்சைம்பாங்க. நாங்க, அம்மனே மஞ்ச பூசி வந்துட்டான்னு சூடம் காட்டுனோம். மறுநா பாத்தா, சூடு பொறுக்காம அம்மன் நாலு விரக்கடை தள்ளிப் போயிருந்துச்சு.

மடத்துக்கு குரு மயிலாத்தா. வயசு முப்பத்திரண்டு. சீடர் சோலைமுத்துவுக்கு அறுபது. கப்பல்ல சமைச்சவரு, இப்ப மடத்துலயும் அவரு சமையல்தான். புதுசா வர்றவங்க அவருதான் குருன்னு அவரு கால்லதான் விழுவாங்க.

அவருகூட மகன் பேசி மூணு வருசமாச்சு. ஞாயித்துக்கிழமையானா சிக்னல் கெடைக்கற மொட்டைப்பாறையில ஏறி போன் பண்ணுவாரு. மகன் எடுக்க மாட்டான். எறங்கிருவாரு.

அன்னைக்கும் ஞாயிறு. ஏறல. கட்டை முன்னால குந்தியிருந்தாரு. மயிலாத்தா பக்கத்துல வந்தா.

"என்னங்ணா, அம்மன்கிட்ட வரமா?"

"பாடம் தாயி. இதுக்கு மூளையும் இல்ல, கண்ணும் இல்ல. நாலா பக்கமும் கைய நீட்டுது. ராகி மாவு இருந்தா போகுது. ஒண்ணுமில்லைன்னா இழுத்துக்குது. எனக்கு இவ்ளோ பெரிய தலை, இது தெரியல." போனை நீட்டுனாரு. "இனி வேண்டாம். நீங்களே வெச்சுக்கங்க."

மயிலாத்தா வாங்கல. "கப்பல்ல போனப்ப ஐஸுக் கடல்ல கடல்நாய் பாத்தேன்னீங்களே. சொல்லுங்க."

"இப்பவா?"

"மேகம் எறங்குது. கதை கேக்கற நேரம்."

அவரு கண்ண மூடிக்கிட்டாரு. "கண்ணுக்கெட்டுன மட்டும் வெள்ளை. சத்தமே இருக்காது. நடுவுல ஒரு ஓட்டை. அதுல ஒரு மூஞ்சி மெதுவா எழும்பும், மீசையோட, எங்க மாமனாராட்டம். ஓட்டை ஒறைஞ்சு மூடிக்கிட்டே வரும். அது பல்லால சுரண்டிக்கிட்டே இருக்கும். பல்லு பாதி தேஞ்சிருக்கும்."

"பொக்கை வாயோட எப்படிங்ணா மீன் புடிக்கும்?"

"சிரமந்தான்."

"அப்ப நம்ம மஞ்சப்பாசிதான் கெட்டிக்காரி."

"அதத்தான சொல்றேன்!"

"அந்த ஓட்டைக்கு மேல மீன் இருக்குதா?"

"மீனெல்லாம் கீழ தாயி. மேல என்ன இருக்கு, வெறும் காத்து. மூச்சு விடத்தான் வருது."

சொல்லிட்டு அவரே கண்ணத் தொறந்தாரு.

மயிலாத்தா கட்டையத் தாண்டி நடந்தா. "ஞாயித்துக்கிழமை பாறைக்குப் போய் வந்து வைக்கற கொழம்புலதாங்ணா உப்பு சரியா இருக்கு. மத்த ஆறு நாளும் வாயில வைக்க முடியல."